ஊரில் அலர்ஜி, சேரியில் சொறி

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



"தோல் நோய் பற்றி மருத்துவர்தானே பேச வேண்டும், சமூகவியல் படிக்கிறவருக்கு இதில் என்ன வேலை?" என்று இந்தக் கூட்டத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் மருத்துவர் இல்லை. முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சில ஆண்டுகளாக அரசு மருத்துவமனைகளின் தோல் பிரிவுக்கு வெளியே போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போகக் காத்திருப்பவர்களோடு பேசி வருகிறேன். அங்கே கேட்டதையும், அதைப் புரிந்துகொள்வதற்காகப் படித்ததையும் வைத்துத்தான் இன்று பேசப் போகிறேன்.

அந்த பெஞ்சைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு வெளியே போய் நின்றால் ஒருவருக்கொருவர் அளவு எவ்வளவு என்று கேட்டுக்கொள்வார்கள், வெந்தயம் சாப்பிடச் சொல்வார்கள், சத்தமாக இருக்கும். தோல் பிரிவுக்கு வெளியே அப்படி இல்லை. பெஞ்சில் இடம் இருக்கும், ஆனாலும் பாதிப் பேர் நின்றுகொண்டிருப்பார்கள். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு ஆண்கள் வருவார்கள். பெண்கள் முந்தானையை இழுத்து முழங்கையை மூடிக்கொள்வார்கள். எல்லாருக்கும் ஏதோ ஒரு தோல் நோய் இருக்கிறது, எல்லாருக்கும் அது தெரியும். ஆனாலும் மறைப்பார்கள். உடன் வந்தவரும் நோயாளிக்கு ஒரு கை தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் அங்கே இரண்டு சிறுவர்கள். இருவருக்கும் விரலிடுக்கில் அரிப்பு, மணிக்கட்டில் சின்னச் சின்னக் கொப்புளம், ராத்திரி தூக்கமில்லை. ஒரு பையனின் அம்மா சொன்னார்: "இவனுக்கு ஸ்கின் கொஞ்சம் சென்சிடிவ். ஏதோ அலர்ஜி." இன்னொரு பையன் நலத்துறை விடுதியில் தங்கிப் படிக்கிறவன். அவனைக் கூட்டி வந்த அப்பா சொன்னார்: "சொறி புடிச்சிருக்கு, சரி பண்ணிட்டு வந்து கிளாஸ்ல உக்காருன்னு வாத்தியார் அனுப்பிட்டாரு சார்." உள்ளே போய் வந்த இருவர் கையிலும் ஒரே மருந்துச் சீட்டு. ஒரே நோய், ஒரே களிம்பு. ஊரிலிருந்து வந்தவனுக்கு அது அலர்ஜி, சேரியிலிருந்து வந்தவனுக்கு அது சொறி. அலர்ஜி என்றால் வெளியிலிருந்து ஏதோ ஒன்று அவனைத் தாக்கியிருக்கிறது என்று பொருள். சொறி என்றால் அவனிடமே ஏதோ அழுக்கு இருக்கிறது என்று பொருள். அவன் குளிப்பதில்லை, அவன் வீடு அப்படி, அவர்கள் வளர்ப்பு அப்படி என்று நீண்டுகொண்டே போகும்.

தமிழில் நாம் சர்வ சாதாரணமாகப் பயன்படுத்தும் வசவுகளை எண்ணிப் பாருங்கள். 'சொறிநாய்' என்கிறோம், 'சொறி பிடிச்சவன்' என்கிறோம், 'குஷ்டரோகி' என்கிறோம். யாரையாவது 'ரத்த அழுத்தக்காரனே' என்று திட்டிக் கேட்டிருக்கிறீர்களா? 'பித்தப்பைக் கல்லே' என்று? சிரிக்கிறீர்கள். வசவுக்கு உதவுகிற உடல்நோய்கள் பெரும்பாலும் தோலில் தெரிகிற நோய்கள்தான். ஏனென்றால் அவை நோயாகப் பார்க்கப்படுவதில்லை. அந்த ஆள் யார் என்று உடம்பின் மேலேயே எழுதி வைத்த தீர்ப்பாகப் பார்க்கப்படுகின்றன.

இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் நமக்கு நன்கு தெரிந்த ஒரு புத்தகத்தில்தான் போய் நிற்கிறது. அம்பேத்கர் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் எரித்த மனுஸ்மிருதி. அதன் மூன்றாம் அத்தியாயத்தில், எந்தெந்தக் குடும்பத்தில் பெண் எடுக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் வருகிறது. எவ்வளவு செல்வமும் கால்நடையும் தானியமும் இருந்தாலும் தவிர்க்க வேண்டிய குடும்பங்களில், வெண்படை உள்ள குடும்பமும் தொழுநோய் உள்ள குடும்பமும் உண்டு. அதே அத்தியாயத்தில், திதிச் சோற்றுக்கு அழைக்கக் கூடாதவர்கள் வரிசையிலும் வெண்படை உள்ளவர் வருகிறார். பதினோராம் அத்தியாயம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. போன பிறவியில் என்ன பாவம் செய்தால் இந்தப் பிறவியில் என்ன நோய் வரும் என்று அங்கே ஒரு விலைப்பட்டியலே இருக்கிறது. குருவின் மனைவியோடு கூடியவனுக்குத் தோல் கெடும். துணி திருடியவனுக்கு வெண்படை வரும்.

துணி திருடியவனுக்கு வெண்படை! இதை வாசித்த அன்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அதற்கு அடுத்த வாரமே பெஞ்சில் ஒரு அக்கா, உதட்டிலும் விரல் நுனிகளிலும் வெண்புள்ளி உள்ளவர், "எந்த ஜென்மத்துல யாருக்கு என்ன பண்ணேனோ தம்பி" என்று சொன்னார். அவர் மனுஸ்மிருதியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். அவருடைய பாட்டிமாருக்கு அதைக் காதால் கேட்கக்கூட உரிமை இருந்ததில்லை. இருந்தும் அந்தப் பட்டியலின் ஒரு வரி அவர் வாயிலிருந்து வருகிறது. கர்மா என்பது பிறப்பால் வரும் இழிவுக்கு மட்டும் விளக்கம் சொல்லவில்லை. உடம்பில் வரும் புள்ளிக்கும் அதுவேதான் விளக்கம். இரண்டுக்கும் ஒரே தர்க்கம்: நீ அனுபவிப்பது நீ சம்பாதித்தது, எனவே உன்னை ஒதுக்குவதில் எனக்குக் குற்றமில்லை.

இங்கே நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 'ரத்தக் கண்ணீர்' 1954இல் வந்த படம். திருவாரூர் தங்கராசு எழுத்து, எம்.ஆர்.ராதா நடிப்பு. பகுத்தறிவு இயக்கத்தின் பெருமைகளில் ஒன்று. மூடநம்பிக்கையையும் போலி ஆசாரத்தையும் அந்தப் படம் போல் கிழித்துத் தொங்கவிட்ட படம் குறைவு. தன் மனைவிக்குத் தன் நண்பனோடு மறுமணம் செய்து வைக்கும் கணவனை அந்தக் காலத்திலேயே திரையில் காட்டியது. எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் அதன் கதை எதன் மேல் நிற்கிறது? தகாத வழியில் திரிந்த மோகனசுந்தரத்துக்குத் தொழுநோய் வருகிறது. நோய்தான் தண்டனை. கடவுள் இல்லை என்று சொன்ன மேடையிலேயே கடவுளின் தண்டனை வேறு உருவில் வந்து நிற்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குத் தொழுநோய் என்பது நுண்கிருமியால் வருவது என்று பதிந்திருக்குமா, ஒழுக்கக்கேட்டால் வருவது என்று பதிந்திருக்குமா? தொழுநோய்க்குக் காரணமான பாக்டீரியாவை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டறிந்துவிட்டார். படம் வந்தது அதற்கு 81 ஆண்டுகள் கழித்து. இதைச் சொல்வதால் ராதாவை நான் குறைக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன். தோல் நோய் மீதான அருவருப்பு எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்றால், அதைத் தோண்டி எடுக்க வந்தவர்களின் கடப்பாரையும் அதன் மேல் படவில்லை.

சட்டமும் இதற்கு விலக்கில்லை. தொழுநோயாளிகளைப் பிடித்து அடைத்து வைக்க வழி செய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம், நோயை முழுதாகக் குணப்படுத்தும் கூட்டு மருந்து சிகிச்சையை 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த பிறகும் உயிரோடு இருந்தது. 2016இல்தான் அதை நீக்கினார்கள். 2008இல் ஒடிசாவில் நகராட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரைத் தொழுநோயைக் காரணம் காட்டித் தகுதி நீக்கம் செய்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. இந்து திருமணச் சட்டம் உட்பட ஐந்து சட்டங்களில், கணவனோ மனைவியோ தொழுநோயாளி என்பது பிரிந்து போவதற்கான காரணமாக இருந்தது. அந்த வரிகள் போனது 2019இல். நேற்று மாதிரிதான்.

இனி வெண்புள்ளிக்கு வருகிறேன். நம் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு, தோலுக்கு நிறம் தருகிற செல்களைத் தானே தாக்கி அழிப்பதால் வருவது அது. வலி இல்லை, உயிருக்கு ஆபத்தில்லை, தொற்றாது. தொழுநோய்க்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் 'வெண்குஷ்டம்' என்று பெயர் வைத்து இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள். அந்தப் பெயரை மாற்றப் பாதிக்கப்பட்டவர்களே இயக்கமாகத் திரண்டு போராடினார்கள். 'வெண்புள்ளி' என்று இன்று நாம் சொல்வது அந்தப் போராட்டத்தின் விளைவு. ஒரு சாதியின் இழிபெயரை மறுத்துத் தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்வதன் அரசியல் தெரிந்த நமக்கு இது புரியாததல்ல.

நான் சொன்ன அந்த அக்கா தெரு முனையில் இட்லிக் கடை வைத்திருந்தார். விரலில் முதல் புள்ளி தெரிந்து ஆறு மாதத்தில் கடையில் கூட்டம் குறைந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. "பார்சல் கட்டும்போது என் கையையே பாப்பாங்க" என்றார். பிறகு மகளைக் கட்டச் சொல்லிவிட்டு அவர் உள்ளே மாவு ஆட்டினார். அப்புறம் மாவு ஆட்டுவதும் அவர்தானே என்று யாரோ பேச, கடையையே மூடினார். இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிப்படி பெருக்குகிறார். சமையல் வேலை கேட்டுப் போனால் தருவதில்லை. அவருடைய மகளுக்கு வரன் வந்தபோது, "அம்மாவுக்கு இருக்கிறது பிள்ளைக்கும் வருமா" என்ற கேள்வி முதலில் வந்தது. சாதியும் பொருத்தமும் அதற்குப் பிறகுதான். பெண் பார்க்க வந்த அன்று அவர் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாராம். இதை அவர் அழாமல் சொன்னார். சொல்லிவிட்டு, "சிவப்பா பொறக்கலியேன்னு சின்ன வயசுல அழுதிருக்கேன். இப்ப வெள்ளையா ஆயிட்டே வரேன், யாருக்கும் புடிக்கல" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் இருப்பதை நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் பெயரை மட்டும் க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டு இன்னும் விற்கிறது. வெள்ளைத் தோலுக்கு இவ்வளவு காசு செலவழிக்கிற ஊர், வெள்ளையாகிற தோலைக் கண்டு ஒதுங்குகிறது. இங்கே யாருக்கும் வெறும் வெள்ளை வேண்டியதில்லை. உயர்ந்த சாதியின் அடையாளமாக வருகிற வெள்ளைதான் வேண்டும். கறுப்பு உடம்பில் திட்டுத் திட்டாக வருகிற வெள்ளை, அந்த உடம்பு கறுப்பு என்பதை இன்னும் உரக்கச் சொல்கிறது.

இந்த இடத்தில் விழிப்புணர்வுப் பிரச்சாரங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. எல்லாச் சுவரொட்டியும் ஒன்றையே சொல்கிறது: "இது தொற்றாது, எனவே ஒதுக்காதீர்கள்." முதல் பாதி உண்மை, பரப்ப வேண்டியதும்கூட. இரண்டாம் பாதியில் வருகிற 'எனவே'தான் எனக்கு உறுத்துகிறது. அப்படியானால் தொற்றுகிற நோய் வந்தவரை ஒதுக்கலாமா? சோரியாசிஸ் தொற்றாது. சரி, நம் தோழர்களும் தைரியமாகத் தொட்டுப் பேசலாம். சிரங்கு தொற்றும். அந்த விடுதிப் பையனை என்ன செய்வது?

அவன் கதையையே எடுத்துக்கொள்வோம். சிரங்கு ஒரு நுண்ணிய பூச்சியால் வருகிறது. தோலும் தோலும் நெடுநேரம் உரசும்போது அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். உலகத்தில் எந்த நேரத்திலும் 20 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு அது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. குளிக்காததால் சிரங்கு வருவதில்லை. நெருக்கத்தால் வருகிறது. நாலு பேர் தங்க வேண்டிய அறையில் பன்னிரண்டு பேர் பாய் விரித்துப் படுத்தால் வருகிறது. முதல் முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே சில வாரங்கள் ஆகும் என்பதால், ஒருவன் சொறியத் தொடங்கும்போதே பக்கத்தில் படுக்கிறவர்களுக்கும் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே மருந்தை ஒருவனுக்குக் கொடுத்துப் பயனில்லை. அந்த அறையில் உள்ள எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும், கழுத்திலிருந்து கால் வரை பூசி ராத்திரி முழுக்க விட வேண்டும், துணியையும் படுக்கையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். இவ்வளவுதான் சிகிச்சை. பெரிய செலவும் இல்லை.

நடப்பது என்ன? ஒரு பையனை வகுப்பிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறார். ஒரு ட்யூப் களிம்போடு அவன் அதே அறைக்குத் திரும்புகிறான். மூன்றாவது வாரம் மறுபடி அரிப்பு. "பாத்தியா, இவனுங்க திருந்த மாட்டானுங்க" என்று பேச்சு. இடத்தின் குற்றம் பிள்ளையின் குற்றமாக மாறுவது இப்படித்தான். இந்தப் பையன் பள்ளியை விட்டு நின்றால் பதிவேட்டில் 'இடைநிற்றல்' என்று எழுதுவார்கள். சிரங்கு என்று எழுத மாட்டார்கள்.

தொற்றுகிற நோய் உள்ளவருக்கும் சிகிச்சை உரிமை உண்டு, மரியாதை உண்டு, பெஞ்சில் இடம் உண்டு. தொற்றாது என்கிற சான்றிதழைக் காட்டித்தான் மனிதராக வேண்டும் என்றால் அது சலுகை.

இந்தச் சுமையை அளக்க மருத்துவ உலகில் ஒரு கருவி இருக்கிறது. தோல் நோயின் வாழ்க்கைத் தர அளவுகோல் என்று சொல்லலாம். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஃபின்லே, கான் என்ற இரு மருத்துவர்கள் 1994இல் உருவாக்கியது. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பத்துக்கு மேல் போனால் நோய் அந்த ஆளின் வாழ்க்கையை மிகக் கடுமையாகப் பாதித்திருக்கிறது என்று பொருள். அரிப்பு, கூச்சம், கடைக்குப் போவது, வீடு, தோட்டம், உடை, பொழுதுபோக்கு, விளையாட்டு, வேலை, உறவுகள், உடலுறவு, சிகிச்சையால் வரும் தொல்லை என்று எல்லாவற்றையும் கேட்கும். நல்ல கருவிதான், உலகம் முழுக்கப் பயன்படுகிறது. நோயின் தீவிரத்தைத் தோலின் பரப்பளவை வைத்து மட்டும் அளந்துகொண்டிருந்த காலத்தில், வாழ்கிறவரிடமே கேட்க வேண்டும் என்று சொன்னது பெரிய மாற்றம்.

ஆனால் அதை எடுத்துக்கொண்டு நம் பெஞ்சுக்கு வாருங்கள். அதில் பல கேள்விகளுக்கு 'பொருந்தாது' என்று ஒரு பதில் உண்டு. அதற்கு மதிப்பெண் 0. விளையாட்டு பாதித்ததா? அந்த அக்கா வாழ்க்கையில் எந்த விளையாட்டும் விளையாடியதில்லை. பொருந்தாது, 0. உடலுறவில் சிக்கல்? கணவர் போய் எட்டு வருடம் ஆகிறது. அப்படிப் போகாவிட்டாலும், பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது அதற்கு எந்தப் பெண் பதில் சொல்வார்? பொருந்தாது, 0. கடைசியில் கூட்டிப் பார்த்தால் அவர் சுமை குறைவு என்று வரும். வாழ்க்கை எவ்வளவு சுருக்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவு குறைவாகத் துன்பப்படுகிறவராக அந்தத் தாள் அவரைக் காட்டும். இந்தக் குறையை மருத்துவ ஆய்வாளர்களே சுட்டியிருக்கிறார்கள். எனக்கு இன்னொன்றும் படுகிறது. அந்தக் கேள்விகள் எல்லாம் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. பந்தியில் உங்கள் பக்கத்து இலை காலியாக இருந்ததா, உங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்களா, தங்கை கல்யாணம் உங்களால் நின்றதா என்று கேட்க ஒரு வாரம் போதாது. கார்டிஃப் மருத்துவர்களுக்கு அந்தக் கேள்விகள் தோன்றாததில் வியப்பில்லை. இங்கிருந்து நாம்தான் எழுத வேண்டும்.

தோல் நோய் யாருக்கு வருகிறது என்பதிலும் சாதி இருக்கிறது. வெண்புள்ளியும் சோரியாசிஸும் எல்லாச் சாதிக்கும் வரும். ஆனால் வேலையால் வருகிற தோல் நோய் வேலையின் வழியாகத்தான் வரும், வேலை இங்கே சாதியின் வழியாக வருகிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிற்கூடங்களில் குரோமியக் கரைசலில் கை விட்டு வேலை செய்கிறவர்களைப் போய்ப் பாருங்கள். விரலில் குழி விழுந்த புண்கள் இருக்கும். குரோமியம் தோலைத் துளைக்கும். கொத்தனார் சித்தாள்களின் கையில் வருகிற வெடிப்புக்கும் பெரும்பாலும் சிமென்டில் உள்ள குரோமியமும் காரமும்தான் காரணம். குரோமியப் புண், ரசாயனத்தால் வரும் தோல் அழற்சி இரண்டுமே 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களாக இடம்பெற்றவை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் குரோமிய பாதிப்பு இடம்பெற்றிருந்தது. ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் பதிவேட்டிலேயே இல்லாதபோது யார் யாருக்குத் தெரிவிப்பது? விலங்கின் தோலைப் பதப்படுத்தித் தன் தோலைக் கொடுத்தவருக்கு, ஊரில் 'இயல்பிலேயே அசுத்தமானவர்' என்று பெயர் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. கை புண்ணானது வேலையால் என்று யாரும் கேட்பதில்லை.

சேற்றுப்புண் என்று ஒரு சொல் உங்களில் கிராமத்திலிருந்து வந்தவர்களுக்குத் தெரியும். நடவு நடுகிற பெண்களுக்குக் கால் விரலிடுக்கில் வருவது. என் அம்மா விரலிடுக்கில் மருதாணி அரைத்து வைத்துக்கொண்டு படுப்பார். சின்ன வயதில் அது அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு எனக்கும் வையென்று அடம் பிடித்திருக்கிறேன்.

சிகிச்சைக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்றும் நினைக்காதீர்கள். வெண்புள்ளிக்கும் சோரியாசிஸுக்கும் புற ஊதாக்கதிர் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், பல மாதங்கள், காலையில் மருத்துவமனைக்கு வர வேண்டும். தினக்கூலிக்காரர் வாரத்தில் பாதி நாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை மாதம் வருவார்? நடுவில் நிறுத்தினால் 'சிகிச்சையைத் தொடராதவர்' என்று குறிப்பு எழுதுவார்கள். மனஉளைச்சல் கூடினால் சோரியாசிஸ் கூடும் என்பதும் உண்மை. ஒரு மருத்துவர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவரிடம், "டென்ஷன் ஆகாதீங்க, நல்லாத் தூங்குங்க" என்று கனிவாகத்தான் சொன்னார். அந்த அண்ணன் வெளியே வந்து என்னிடம் கேட்டார்: "காலைல அஞ்சு மணி டூட்டியை ஏழு மணிக்கு மாத்தித் தரச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் குடுப்பாரா சார்?"

அலைய முடியாதவர்கள் மருந்துக் கடைக்குப் போகிறார்கள். அரிப்புக்கு ஒரு களிம்பு கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தருகிறார்கள். ரெண்டே நாளில் அரிப்பு அடங்கும். படர்தாமரை உள்ளே பரவிக்கொண்டிருக்கும். நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாக வரும், தோல் மெலிந்து கோடு விழும். முகம் சிவப்பாக வேண்டும் என்று இதே களிம்பைப் பூசுகிற பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். 2018இல் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதியை இறுக்கியது. உங்கள் தெருக் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள், கிடைக்கிறதா இல்லையா என்று.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இவ்வளவும் கேட்டுவிட்டு, "தோல் நோய் உள்ளவர்களும் தீண்டாமையை அனுபவிக்கிறார்கள், எல்லாம் ஒன்றுதான்" என்று யாராவது முடிவுக்கு வந்தால் நான் உடன்படமாட்டேன். வெண்புள்ளி உள்ள ஆதிக்கச் சாதிக்காரருக்குக் கல்யாணம் தள்ளிப் போகலாம், மனம் உடையலாம், அந்த வலி பொய்யில்லை. ஆனால் அவர் நிலம் போவதில்லை, அவர் தெருவுக்குள் நடப்பதை யாரும் தடுப்பதில்லை, அவர் பிள்ளைகள் யாரும் பீ அள்ளப் போவதில்லை. அவருக்கு வந்தது நோய் என்று மருத்துவர் எழுதித் தர முடியும், குணமாகவும் வாய்ப்பு உண்டு. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவரின் உடம்பில் எந்தப் பரிசோதனையும் எதையும் காட்டாது. குணமாக அங்கே எதுவுமே இல்லை, நோய் ஒதுக்குகிறவரிடம் இருக்கிறது. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்து வருகிறபோது என்ன ஆகிறது என்பதுதான் என் ஆய்வின் கேள்வி. குக்கரில் சோறு வைக்கிற வேலைக்கு அந்த அக்காவை வேண்டாம் என்றவர் புள்ளியைப் பார்த்துச் சொன்னாரா, அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று தெரிந்து சொன்னாரா? அக்காவுக்கே தெரியவில்லை. "ரெண்டுல எதுன்னு நானும் கேக்கல, அவங்களும் சொல்லல" என்றார். புள்ளி இருப்பது அந்த வீட்டுக்காரருக்கு வசதியாகப் போயிற்று. சாதியைச் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லிவிட முடிந்தது.

உங்களால் செய்யக்கூடியதாக எனக்குத் தோன்றுவது ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். உங்களில் பலர் நலத்துறை விடுதிகளில் படித்து வந்தவர்கள், சிலர் இப்போதும் அங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த விடுதியில் ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், குளிக்க எத்தனை குழாயில் தண்ணீர் வருகிறது, அரிப்பு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். சிரங்கு என்று ஒருவருக்கு உறுதியானால் அந்த அறை முழுக்க ஒரே நாளில் மருந்து தரக் கோரி மாவட்ட நல அலுவலருக்கும் வட்டார மருத்துவ அலுவலருக்கும் மனு எழுதலாம். மனுவின் வரைவு என்னிடம் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் தருகிறேன். மனுவில் 'சுகாதார விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும்' என்ற வரியைச் சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்காதீர்கள். முகாம் நடத்தி, சோப்பு கொடுத்து, கை கழுவச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பன்னிரண்டு பேர் அந்த அறையிலேயேதான் படுத்திருப்பார்கள்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.